நாலாவது பஞ்சு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வலிக்குப் பயந்தவள் இல்லை. ஒரு பிள்ளையைப் பெற்றிருக்கிறேன். எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியிருக்கிறார்கள். தையல் மெஷின் ஊசி ஒருமுறை விரலுக்குள் இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தபோது, நானேதான் சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி அதை வெளியே எடுத்தேன். அப்படிப்பட்டவள், மூக்கு ஆபரேஷன் முடிந்த ஏழாம் நாள் "தலை வலிக்குது" என்று சொன்னால், அது மாத்திரைக்கு அடங்குகிற தலைவலி இல்லை என்று என்னோடு வாழ்கிறவர்களுக்காவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

எட்டு வருடமாக எனக்கு சைனஸ். காலையில் எழுந்தால் நெற்றியில் ஒரு செங்கல், கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு செங்கல். கடைசியில் ஒருநாள் மூக்கு டாக்டர் என் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "காத்து இருக்க வேண்டிய இடம் பூரா சளியும் சதையுமா அடைஞ்சு கிடக்கும்மா. க்ளீன் பண்ணிடலாம்" என்றார். அவரை அங்கே எல்லோரும் பெரிய டாக்டர் என்றார்கள். ஆள் என்னவோ என் தோள் உயரம்தான். மூக்கு வழியாகவே கேமராவை விட்டுச் செய்வது, வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது என்றும் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன். கீறல் தெரியாத ஆபரேஷனுக்கு அனுதாபமும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. காலில் மாவுக்கட்டு போட்டவன் வந்தால் எழுந்து நாற்காலி தருகிறார்கள். மூக்குக்குள் முழுக்கப் புண்ணோடு நிற்கிறவளைப் பார்த்து, "என்ன, நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார்கள்.

என் வேலையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. இருநூற்றுப் பத்து மெஷின் ஓடுகிற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஊசி அறை என் பொறுப்பு. அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பிவலை போட்ட ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு பீரோ, நான். தைக்கிறவர் யாருக்காவது ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வரவேண்டும். நான் அவற்றை ஒரு தாளில் வரிசையாக வைத்து, டேப் ஒட்டி, முழு ஊசியோடு அளந்து பார்ப்பேன். நுனியிலிருந்து அடி வரை சேர்ந்தால்தான் புது ஊசி. சேராவிட்டால் அந்த மெஷின் நிற்கும். தரையெல்லாம் காந்தம் ஓடும். தைத்த துணி ஒவ்வொன்றும் சோதனைக்குப் போகும். ஏனென்றால் கிடைக்காத துண்டு ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக் கழுத்தில் இருக்கிறது. ஒருமுறை அரிசிமணி அளவு நுனிக்காக ஒரு வரிசை முழுவதையும் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினேன். வெளியே லாரி காத்திருந்தது. மேனேஜர் என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நான் பீரோ சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடித்தேன். கடைசியில் அந்த நுனி ஒருத்தியின் செருப்படியில் குத்திக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஊசியக்கா என்று பெயர். மேனேஜரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூக்கு இருந்த இடத்தில் ஒரு மூட்டை இருந்தது. வாயால்தான் மூச்சு. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. கன்னத்தில் நூல்களை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அரை மயக்கத்தில் இரண்டு நர்ஸுகள் வேலை மாற்றிக்கொள்வது காதில் விழுந்தது.

"பஞ்சு நாலு. பக்கத்துக்கு ரெண்டு. நாளை மறுநாள் எடுக்கணும்."

"நாலு. சரி."

ரத்தம் நிற்பதற்காக மூக்குக்குள் திணிக்கிற பஞ்சு அது. ஒவ்வொன்றும் நடுவிரல் நீளம். எடுக்கிறபோது பிடித்து இழுக்கத்தான் அந்த நூல். எண்ணிக்கை என்று ஒன்று காதில் விழுந்தால் என் மண்டை அதை விடாது. எனக்கே என் பெயர் சரியாக ஞாபகம் இல்லாத அந்த நேரத்திலும் நாலு என்பது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

பஞ்சு எடுத்தது சின்ன டாக்டர். கண்ணாடி போட்டவர், பேச்சில் எப்போதும் ஒரு அவசரம். "வாயால நல்லா மூச்சு விடுங்கம்மா, டக்குனு முடிஞ்சிரும்" என்றார். டக்கென்றெல்லாம் முடியவில்லை. மூளையை நூல் கட்டி இழுப்பதுபோல இருந்தது. வலப்பக்கம் ஒன்று, இரண்டு. இடப்பக்கம் ஒன்று. அதோடு ரத்தம் கொட்டியது, கண் இருட்டியது, நான் நாற்காலியிலேயே சரிந்துவிட்டேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். தெளிந்து பார்த்தால் சின்ன டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தட்டில் மூன்று கிடந்தன. இன்னொருமுறை எண்ணினேன். மூன்றுதான்.

"நாலு வெச்சதா சொன்னாங்களே டாக்டர்?"

"எல்லாம் எடுத்தாச்சும்மா. தானா கரையற டைப்பும் சிலது வெப்போம். கவலைப்படாதீங்க."

என் ஜன்னலுக்கு ஒருத்தி வந்து, "ஊசியக்கா, மிச்சத் துண்டு தானா கரைஞ்சிரும்" என்று சொல்லியிருந்தால் அவளை நான் என்ன செய்திருப்பேன் என்று தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அங்கே நான் வீங்கிய முகமும் ரத்தக்கறை படிந்த சட்டையுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கணவர் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். "சரிங்க டாக்டர்" என்றேன். ஊரார் சட்டைக்குள் இருக்கிற துண்டுக்காக அவ்வளவு சண்டை போட்டவள், என் மண்டைக்குள் இருக்கிற துண்டுக்கு வாயை மூடிக்கொண்டேன். அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். மூக்கைச் சிந்தக்கூடாது. குனியக்கூடாது. கனமான எதையும் தூக்கக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் செய்தேன். முதல் நாலு நாள் வலித்தது. அந்த வலிக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். உள்ளே எலும்பைச் சுரண்டியிருக்கிறார்கள், வலிக்காமல் என்ன செய்யும்? ஐந்தாம் நாள் வலப்பக்கம் லேசாகத் திறந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பக்கமாகக் காற்று போனபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இடப்பக்கம் வேறு கதை. ஆறாம் நாளிலிருந்து அது குறைவதற்குப் பதிலாக ஏறியது. புருவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே ஆரம்பிக்கும். அங்கிருந்து கண்ணுக்குப் பின்னால் போகும், கன்னத்தில் இறங்கும், மேல்வரிசைப் பற்கள் அத்தனையும் கூசும். கீழே விழுந்த ஸ்பூனை எடுக்க ஒருநாள் மறந்துபோய்க் குனிந்துவிட்டேன். முகமே கழன்று தரையில் விழப்போகிறது என்று நினைத்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். உப்புத் தண்ணீரை வலப்பக்கம் விட்டால் உள்ளே ஓடித் தொண்டைக்கு வந்தது. இடப்பக்கம் விட்டால் போன வழியிலேயே திரும்பி வந்தது. ஏதோ ஒன்று வாசலில் நின்றுகொண்டு உள்ளே விடமாட்டேன் என்றது.

ஏழாம் நாள் காட்டப் போனோம். பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். சின்ன டாக்டர்தான் பார்த்தார்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லை."

"மூக்குலேர்ந்து கெட்ட நாத்தம் ஏதாவது?"

"எனக்கு மூணு வருஷமாவே வாசனை தெரியாது டாக்டர். சாக்கடையும் ஒண்ணுதான், சென்டும் ஒண்ணுதான்."

அவர் என் கணவரைப் பார்த்தார். "வீட்டுல உங்களுக்கு ஏதாவது தெரியுதா சார்?"

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடி உயரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற மனிதர். அந்தக் கேள்விக்குச் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

சின்ன டாக்டர் டார்ச் அடித்து இரண்டு மூக்கையும் எட்டிப் பார்த்தார். "வீக்கம்தான். அடங்க நாளாகும்" என்றார். நான் தண்ணீர் திரும்பி வருவதைச் சொன்னேன். பல் கூசுவதைச் சொன்னேன். சுவரில் பத்து முகங்களை வரைந்து ஒட்டியிருந்தார்கள், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. அதில் எது உங்கள் வலி என்று கேட்டார். எட்டாவதைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு வலி தாங்கற சக்தி கொஞ்சம் கம்மிம்மா" என்று சொல்லி மாத்திரையை மாற்றி எழுதினார். இருபத்து மூன்றாம் தேதி வந்து பெரிய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

வீட்டில் எல்லோரும் என்மேல் பாசமழை பொழிந்தார்கள். கணவர் வந்ததும் வராததுமாக எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தார். "காத்தோட்டமா இருந்தா நல்லது" என்றார். நீ நிம்மதியாகத் தூங்கு என்று சொல்லிவிட்டுக் கூடத்து சோபாவுக்குத் தன் படுக்கையை மாற்றிக்கொண்டார். கல்லூரியில் படிக்கிற மகள் தன் காசில் மல்லிகை வாசனை ஸ்ப்ரே வாங்கி வந்து என் அறையில் அடித்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் வாசனை தெரியாதே என்று சொன்னதற்கு, "பரவால்லம்மா, ஒரு ஃப்ரெஷ்ஷா இருக்கும்" என்றாள். இவர்களைப் போய்ச் சந்தேகப்படுவேனா? இப்படித் தாங்குகிறவர்களிடம் வலி வலி என்று எத்தனை தடவை புலம்புவது என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடிக்கிற பல்லே வலித்தது.

பதினோராம் நாள் காலையில் நாத்தனார் வந்தாள். என் கணவருக்குத் தங்கை. அவளுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் இதே ஆபரேஷன் ஆகியிருந்தது. அதில் மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போன கதையைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு தடவையாவது கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் கறுப்பு என்றால் அவள் வெள்ளை. அவள் வருகிறாள் என்றதும் என் தலைவலி இரண்டு படி ஏறியது.

கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன அண்ணி, இன்னும் படுத்துக்கிட்டே இருக்கீங்க? நான்லாம் மூணாவது நாளே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். மூக்கைச் சுளித்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்து மோப்பம் பிடித்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. குளிச்சீங்களா?"

"காலைலதான் குளிச்சேன்."

"அப்ப இது என்ன நாத்தம்? பீரோவுக்குப் பின்னாடி எலி செத்துக் கிடக்கற மாதிரி?"

"அத்தை!" என்று வாசலிலிருந்து ஒரு குரல். மகள் நின்றுகொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டி, வேண்டாம், சொல்லாதே என்று ஜாடை காட்டினாள். நான் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜன்னல், ஸ்ப்ரே, சோபா, சுவரில் இருந்த காதுப் படம். "எத்தனை நாளா?" என்றேன்.

மகள் அழ ஆரம்பித்தாள். "அஞ்சாறு நாளா இருக்கும்மா. ஆபரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும்னு அப்பா சொன்னார். உன்கிட்ட சொன்னா உனக்கு மனசு கஷ்டமாயிடும்னு..."

"எனக்கு ஆபரேஷன் ஆனப்ப இப்படி நாறலை" என்றாள் நாத்தனார் பட்டென்று. "வலிச்சுது. உயிர் போச்சு. ஆனா நாறலை."

"உனக்கு வலிச்சுதா?"

"பின்ன? மூணாவது நாள் ஆபீஸ் போய், பாத்ரூம்ல உக்காந்து அழுதுட்டு, பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன்."

நாலு வருடத்தில் முதல்முறையாக இந்தக் கதையின் மிச்சத்தைக் கேட்டேன். அவள்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று. அந்த நிமிடத்தில் எனக்கு வந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் வெட்கம். இத்தனை நாள் இவர்கள் மத்தியில் நாறிக்கொண்டு நடமாடியிருக்கிறேனே என்று உடம்பு கூசியது. அடுத்து ஆத்திரம். ஆத்திரம் அடங்கும் முன்னே ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், சொன்னால் சிரிப்பீர்கள். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு வலி தாங்கும் சக்தி கம்மி இல்லை. உள்ளே ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை சரிதான். என் மண்டைக்குள் ஒரு துண்டு பாக்கி.

"கிளம்பு" என்றேன் நாத்தனாரிடம்.

"எங்க அண்ணி?"

"ஆஸ்பத்திரிக்கு. அந்தப் பஞ்சைக் கையில வாங்காம நான் வீட்டுக்கு வரப்போறதில்லை."

ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "உங்க தேதி இருபத்து மூணு. அன்னைக்கு வாங்க" என்றாள்.

"இன்னைக்கே பாக்கணும்."

"டாக்டருக்கு இன்னைக்கு ஃபுல்லும்மா. அவசரம்னா மட்டும்தான்."

"அவசரம்தான்."

"என்ன அவசரம்?"

நாத்தனார் என் காதில் கிசுகிசுத்தாள். "அண்ணி, கண்ணாடி ஓட்டை வழியா கொஞ்சம் கிட்ட போய்ப் பேசுங்க."

போய்ப் பேசினேன். இடது மூக்கால் நன்றாக மூச்சையும் விட்டேன். அந்தப் பெண் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனாள். அடுத்த நிமிடம் சீட்டு கையில் இருந்தது. வலிக்கிறது என்று எட்டாவது முகத்தைக் காட்டியபோது நகராத காரியம் அது.

உள்ளே மறுபடியும் சின்ன டாக்டர். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சலிப்பு வந்து போனது. "ஆபரேஷன்னா வலி இருக்கத்தாம்மா செய்யும்" என்று ஆரம்பித்தார்.

"வலி இருக்கட்டும் டாக்டர். நாலாவது எங்கே?"

"எது நாலாவது?"

"பஞ்சு. நாலு வெச்சீங்க, மூணு எடுத்தீங்க. நான் எண்ணினேன். ஃபைல எடுங்க, சத்தமா படிங்க."

"அம்மா, நீங்க அப்ப மயக்கமா இருந்தீங்க..."

"மயக்கம் எனக்குத்தான். ஃபைலுக்கு இல்லை."

இரண்டு கண்ணுக்கும் நடுவே வலி சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தது. நிற்க முடியவில்லை, ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் சரிங்க டாக்டர் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் எனக்குப் பின்னால் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் பருமனுக்கு அன்றைக்குத்தான் நான் நன்றி சொன்னேன்.

சின்ன டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "வைத்தது நாலு" என்று படித்தார். அடுத்த பக்கம் போனார். "பஞ்சு அகற்றப்பட்டது." அங்கே நிறுத்தினார்.

"எத்தனை?" என்றேன்.

அவர் அந்த வரியில் விரலை வைத்து மறுபடியும் படித்தார்.

"எத்தனைன்னு எழுதலை, இல்லையா? தானா கரையற டைப்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அதுவும் எழுதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போனார். பெரிய டாக்டரோடு திரும்பி வந்தார்.

பெரிய டாக்டர் அறைக்குள் கால் வைத்ததும் நின்றார். இரண்டு தடவை மூச்சை இழுத்தார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கேமரா எடு" என்று மட்டும் சொன்னார்.

மரத்துப்போக மருந்து அடித்தார்கள். பேனா கனத்தில் ஒரு குழாய் உள்ளே போயிற்று. பக்கத்தில் இருந்த திரையில் என் மூக்கின் உட்புறம் தெரிந்தது. சிவப்பு, சிவப்பு, அப்புறம் சாம்பலும் பச்சையுமாக ஏதோ ஒன்று. நூல் அறுந்த பஞ்சு உள்ளே போய், சதைக்குப் பின்னால் குறுக்கே கிடந்தது. டார்ச் வெளிச்சத்துக்கு எட்டாத இடம். "ம்" என்றார் பெரிய டாக்டர். நாத்தனார் என் கையைப் பிடித்தாள். இடுக்கி உள்ளே போனது.

அந்த வலியை எந்த முகத்தில் வரைவார்கள் என்று எனக்குத் தெரியாது. மருந்துக்கெல்லாம் அது அடங்கவில்லை. பிடரிவரை மின்சாரம் ஓடியது. கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். வெட்கப்படவில்லை. தட்டில் அது தொப்பென்று விழுந்ததும் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்ன டாக்டர் முழங்கையால் மூக்கை மூடினார். நாத்தனார் மட்டும் குனிந்து பார்த்து, "நாலு" என்றாள்.

பெரிய டாக்டர் புண்ணைக் கழுவினார். ஆன்டிபயாடிக் எழுதினார். "நல்லவேளை வந்தீங்க. இன்னும் விட்டிருந்தா கண்ணுக்கோ மூளைக்கோ போயிருக்கும். இதெல்லாம் எப்பவாவது ரொம்ப அபூர்வமா..." என்றார்.

"அபூர்வமோ என்னவோ, எழுதுங்க" என்றேன். "நாலாவது, இடது பக்கம், பதினோராம் நாள் எடுத்தது. நான் ஏழாம் நாள் வந்து வலிக்குதுன்னு சொன்னதையும் எழுதுங்க."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இடது என்பதை விட்டிருந்தார். சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். "தப்பு எங்களோடதும்மா" என்று அவரே சொன்னார். சின்ன டாக்டர் கதவுவரை கூடவே வந்தார். "வலி தாங்கற சக்தி கம்மின்னு அன்னைக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "கூடாதுதான்" என்றேன். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லை என்று விடுகிற விஷயமா அது?

வீட்டுக்கு வந்த பிறகும் தலை வலித்தது. ஒரு வாரமாவது இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் இது வேறு வலி. ஆறுகிற புண்ணின் வலி. இதோடு நான் ஒத்துப்போவேன். உப்புத் தண்ணீரை இடப்பக்கம் விட்டுப் பார்த்தேன். தொண்டைக்கு வந்தது. நாத்தனார் கைதட்டினாள்.

சாயங்காலம் கணவர் வந்தார். மகள் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அறை வாசலிலேயே நின்றார். கையில் கிரீஸ்கூடக் கழுவவில்லை.

"அன்னைக்கு டாக்டர் உங்களைத்தானே கேட்டார்?" என்றேன்.

"ஆமா."

"தெரிஞ்சுதா, தெரியலையா?"

"தெரிஞ்சுது." தரையைப் பார்த்தார். "ரொம்பத் தெரிஞ்சுது. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நீ ஏற்கெனவே வீங்கிப் போய் உக்காந்திருந்த. பொண்டாட்டி நாறுதான்னு ஒருத்தன் கேட்டா ஆமான்னு சொல்ல முடியுமா?"

"சொல்லியிருக்கணும். நான் கத்தியிருப்பேன், நாலு நாள் பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே? உங்க மரியாதைக்கு நான் கண்ணைக் குடுக்கப் பார்த்தேனே. நான் வலிக்குதுன்னு சொன்னதைப் பொய்யாக்கினது அந்த டாக்டர் இல்லை. நீங்கதான்."

அவர் கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை முட்டியது. அழுதால் மூக்கு அடைக்கும், மூக்கைச் சிந்தவும் கூடாது. அடக்கிக்கொண்டேன்.

"கிட்ட வாங்க" என்றேன்.

வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இன்னும் கிட்ட. மோந்து பாருங்க."

"என்ன இது..."

"எனக்குத் தெரியாது இல்லையா? எனக்கு இருக்கிற மூக்கு உங்களோடதுதான். பாருங்க. பொய் சொன்னீங்கன்னா இந்த ஜென்மத்துல பேச மாட்டேன்."

அவர் குனிந்தார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நீளமாக இழுத்தார். முகம் சுளித்தது. சுளித்ததை இந்தத் தடவை மறைக்கவில்லை.

"இன்னும் நாறுது" என்றார்.

"எவ்வளவு?"

யோசித்தார். "நேத்துக்குப் பாதி இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் புருவத்திலிருந்து பல்வரை இழுத்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நாளைக்கும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றார், முகத்தை எடுக்காமலே.